தொட்டிக்கு வெளியே நிற்பது

போன வாரம் உங்களோடு பேச வந்திருந்தபோது, பின் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள். எல்லாப் பாடமும் செல்போனுக்கு வந்துவிட்டது, அந்தத் தொட்டிப் பயிற்சிக்கு மட்டும் ஏன் ஒரு நாள் முழுக்கத் தகரக் கொட்டகையில் வெந்து சாக வேண்டும், அதையும் வீடியோவாக எடுத்துப் போட்டுவிட்டால் என்ன என்று. நியாயமான கேள்விதான். நான் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிற சங்கதி இல்லை அது. ராயபுரத்துக்கு பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்த பிறகும் மனசு கேட்கவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன், நிதானமாகப் படியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுக்கு ஆசிரியையாக இருந்தவள். பெண்பிள்ளைக்கு ஃபிட்டர் வேலை எதற்கு என்று கேட்டவர்களையெல்லாம் முறைத்தே இந்த முகம் இப்படி ஆகிவிட்டது. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து துறைமுகத்துக்கு எதிரே கயிறும் பெயின்டும் விற்றவர், அதனால் இரும்பும் கிரீசும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் இப்போது நீங்கள் சேர்ந்திருக்கும் இந்த வேலையைப் பார்த்தேன். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை.

ராயபுரத்திலிருந்து அத்திப்பட்டு வரைக்கும் இருக்கிற சின்னச் சின்னப் பயிற்சி மையங்களின் ஆசிரியர்கள் நம்மிடம் வருவார்கள். வெல்டிங், குழாய் வேலை, மோட்டார் வேலை எல்லாம் கை நிறையத் தெரிந்தவர்கள், ஆனால் வகுப்பு எடுக்கத் தெரியாது. வாரம் முழுக்க செல்போனில் பாடம், மாதத்துக்கு இரண்டு ஞாயிறு திருவொற்றியூர் கொட்டகையில் நேரடி வகுப்பு. பாடத்திட்டம் வெளிநாட்டிலிருந்து வந்தது. இதே பாடம் நேபாளத்திலும் கென்யாவிலும் ஓடுகிறது என்றார்கள். அதில் வரும் ஒர்க்ஷாப்பின் தரை அப்படிப் பளபளக்கும். இது இன்னா மேடம், ஆஸ்பத்திரியா என்று ஒருவர் கேட்டார்.

அந்தப் பாடங்களில் ஒன்றுதான் மூடிய தொட்டி. ஒர்க்ஷாப் பக்கமே போகாதவர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். மூடிய தொட்டிக்குள் ஏதாவது ஒரு கேஸ் கசிந்து இறங்கியிருந்தால், அது காற்றை வெளியே தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்ளும். சில கேஸுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. உள்ளே இறங்குகிறவன் இரண்டு மூச்சு இழுப்பான், அப்படியே விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். மூன்றாவது ஆளும் அப்படியே. நம் பகுதியில் இப்படி ஒன்றாகப் போனவர்களைப் பற்றிக் கேள்விப்படாத வீடு குறைவு. ஆகவே விதி ஒன்றுதான். கேஸை மூடு, காற்றை விடு, ஆளைக் கூப்பிடு, வெளியே நில். மூச்சுக் கருவி போட்டவன் வரும்வரை யாரும் இறங்கக் கூடாது.

செல்போனில் இதற்கு ஒரு கேள்வி உண்டு. உள்ளே ஒருவர் மயங்கிக் கிடக்கிறார், நீங்கள் இறங்குவீர்களா? எல்லோரும் இறங்கமாட்டேன் என்றே தொடுவார்கள். ஒருவர்கூடத் தப்பாகத் தொட்டு நான் பார்த்ததில்லை. திரையில் பச்சை டிக் விழும், பாராட்டு வரும். எனக்கு அந்தப் பச்சை டிக்கைக் கண்டாலே எரிச்சல்.

கொட்டகையில் ஒரு பழைய இரும்புத் தொட்டி வாங்கிப் போட்டோம். பக்கவாட்டில் பெரிய ஜன்னல் வெட்டி, மின்விசிறி வைத்து, உள்ளே காற்று தாராளமாக இருக்கும்படி செய்தோம். மேலே ஏறினால் ஆள் இறங்கும் வட்டமான வாய், உள்ளே ஏணி. முதலில் துணி அடைத்த பொம்மையைப் போட்டு, இவர் மயங்கிவிட்டார் என்று சொல்லிப் பார்த்தோம். எல்லோரும் ஒழுங்காக வெளியே நின்றார்கள். பொம்மைக்காக யார் ஓடுவார்கள்?

பிறகுதான் முறையை மாற்றினேன். ஞாயிறு வகுப்புக்கு வருகிறவர்கள் டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் கூடி ஒரே ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து வருவார்கள். மத்தியானம் யார் யார் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பகிர்ந்துகொள்கிறார்கள் என்று இரண்டு மூன்று வாரம் கவனித்துக்கொண்டே இருப்பேன். பயிற்சி நாளில், யாருடைய டப்பாவில் நீங்கள் கைவைத்துச் சாப்பிட்டீர்களோ அந்த ஆளைத்தான் உள்ளே படுக்க வைப்பேன். அவர் உங்கள் பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிடுவார். அப்புறம் சத்தம் இருக்காது. நீங்கள் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. இறங்குகிறவர் யாராக இருந்தாலும் உள்ளேயே படுத்துக்கொள்ள வேண்டும், எழக் கூடாது.

பச்சை டிக் வாங்கியவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குதித்து, காசிமேட்டுக் கூடையில் அடுக்கிய மீன் மாதிரி தொட்டி நிறையக் கிடந்தார்கள். சிரித்துக்கொண்டே எழுந்து வருவார்கள், நான் சிரிக்கமாட்டேன். மறுபடியும் என்பேன். ஒருவர் நிற்கிற வரைக்கும் மறுபடியும்.

அதிலேயே ரொம்ப மோசமானவர் ஜாபர். தண்டையார்பேட்டைக்காரர், திருவொற்றியூரில் ஒரு தனியார் மையத்தில் வெல்டிங் ஆசிரியர். வேலை தெரிந்த கை. அவர் போட்ட வெல்டிங்கைத் தடவிப் பார்த்தால் மேடு பள்ளமே தெரியாது. ஆனால் தொட்டிக்குள்ளிருந்து கூட்டாளியின் குரல் வந்தால் போதும், ஏணியைக்கூடத் தேடாமல் குதிப்பார். அவரை மட்டும் அன்றைக்குப் பலமுறை திரும்ப நிறுத்தினேன். கடைசியில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா மேடம் இது. உள்ள கீறவன் என் தோஸ்து. அவன வுட்டுட்டு வெளிய நின்னு போன் பண்ணச் சொல்றீங்களே, இது மனுசன் செய்ற வேலையா?" என்று கேட்டார்.

இல்லை, ஆசிரியர் செய்கிற வேலை என்றேன். உங்கள் பின்னால் பையன்கள் நிற்பார்கள், நீங்கள் குதித்தால் அவர்களும் குதிப்பார்கள் என்றேன்.  அடுத்த தடவை தொட்டியின் வாய்க்கு இரண்டு பக்கமும் காலை அகட்டி வைத்து நின்றார். கேஸை மூடு, காத்த வுடு, ஆளக் கூப்பிடு, வெளிய நில்லு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே நின்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. தேறிவிட்டார் என்று எழுதினேன்.

அதற்கு அடுத்த வருடம் நடந்ததைச் சொல்கிறேன்.

ஜாபர் வேலை பார்த்த மையத்திலும் பழைய தொட்டி ஒன்று இருந்தது. அது நம் தொட்டி மாதிரி ஜன்னல் வெட்டியதல்ல, நாலு பக்கமும் மூடியது. பையன்கள் உள்ளே இறங்கி வெல்டிங் பழகுவதற்காக வைத்திருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் பழகியவர்கள் வெல்டிங்குக்கு விடுகிற ஆர்கான் கேஸ் குழாயை உள்ளேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சிலிண்டரும் சரியாக மூடப்படவில்லை. மூடாதது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ராத்திரி முழுக்க ஆர்கான் தொட்டிக்குள் நிறைந்துகொண்டிருந்திருக்கிறது.

காலையில் குழாயை எடுத்து ஸ்டோரில் வைக்கலாம் என்று இறங்கினான் அஸ்லம். மையத்தின் ஸ்டோர் கீப்பர், ஜாபரின் மனைவி நஜ்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. அந்த வேலையை வாங்கிக்கொடுத்ததே ஜாபர்தான். இருவரும் ஒரே பைக்கில் வருவார்கள், நஜ்மா கட்டிக்கொடுத்த ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள், ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அஸ்லமுக்கு அப்போதுதான் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அங்கே இல்லை. பிறகு தீனா என்ற மாணவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். புளியந்தோப்புப் பையன், ஜாபரிடம் வெல்டிங் படித்தவன். ஏணியில் இறங்கும் சத்தம் கேட்டதாம், மச்சான் என்று ஒரு குரல் கேட்டதாம், பிறகு தொப்பென்று விழும் சத்தம். ஜாபரும் நாலைந்து பையன்களும் ஓடினார்கள். மேலே ஏறிக் குனிந்து பார்த்தால் அஸ்லம் கவிழ்ந்து கிடந்தான், கேஸ் குழாய் கையில் இருந்தது.

ஜாபர் சிலிண்டரை மூடச் சொன்னார். காற்றடிக்கிற ப்ளோயரை இழுத்துவந்து அதன் குழாயை உள்ளே விடச் சொன்னார். ஒருவனைத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யச் சொன்னார். பிறகு தொட்டியின் வாய்க்கு இரு பக்கமும் காலை அகட்டி வைத்து நின்றுகொண்டார். பையன்கள் விடவில்லை. அஸ்லம் அவர்களுக்கெல்லாம் செல்லம், கையுறை கிழிந்தால் கேட்காமலே மாற்றிக் கொடுப்பவன். மாறி மாறி ஏறினார்கள், ஜாபர் மாறி மாறித் தள்ளினார். தீனா அவர் கையைக் கடித்தே விட்டான். "வுடு சார், அண்ணன் உள்ள கீறாரு" என்று அழுதுகொண்டே கடித்திருக்கிறான். ரத்தம் வழிந்தும் அவர் கையை எடுக்கவில்லை. கேஸை மூடு, காத்த வுடு, ஆளக் கூப்பிடு, வெளிய நில்லு. அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். சத்தமாகக்கூட இல்லை, ஓதுகிற மாதிரி வாய்க்குள்ளேயே.

தீயணைப்பு வண்டி எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வந்துசேர நேரமாகிவிட்டது. அந்தச் சாலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூச்சுக் கருவி போட்ட ஒருவர் இறங்கிக் கயிறு கட்டித் தூக்கினார். அஸ்லம் பிழைக்கவில்லை.

வண்டி வரும் வரைக்கும் ஜாபர் நின்ற இடத்திலிருந்து குனிந்தால் அஸ்லமின் முதுகு தெரியும். பெருநாளுக்கு எடுத்த ஒரே துணியில் இரண்டு பேருக்கும் தைத்த சட்டையைத்தான் அன்று அவன் போட்டிருந்தான். 

மறுநாள் ஜனாஸாவுக்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் அந்த மையத்தின் நிர்வாகி என்னைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷர்தான், பயந்துபோயிருந்தார். "விழுந்த உடனேயே உயிர் போயிடுச்சுன்னு நஜ்மாகிட்ட சொல்லிடுங்க மேடம். நீங்க சொன்னா கேப்பாங்க. எல்லாருக்கும் நிம்மதி" என்றார். ஆறுதலான வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டால் ஜாபரின் மேல் பழி இல்லை, மையத்தின் மேலும் அதிகம் கேள்வி வராது. இரண்டும் ஒரே வார்த்தையில் முடிகிற காரியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்தது.

ஆண்கள் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போன பிறகு பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். நஜ்மாவை எனக்கு முன்பே தெரியும். ஜாபர் கொண்டுவரும் டப்பாவில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். அவள் அழுது முடித்து வறண்டு போயிருந்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவருக்கு இத்த சொல்லிக் குடுத்தது நீங்கதானா?"

"ஆமாம்மா, நான்தான்" என்றேன்.

"எறங்கியிருந்தா என் தம்பி பொயச்சிருப்பானா?"

நிர்வாகி கொடுத்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். இறங்கியிருந்தால் ஜாபரும் விழுந்திருப்பார், பையன்களும் விழுந்திருப்பார்கள், அது எனக்கு நிச்சயம். ஆனால் அவள் கேட்டது அது இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் குதித்து, ஏதோ அதிர்ஷ்டத்தில் இழுத்துப்போட்டிருந்தால்? டாக்டர்களே உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சாவு வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் செய்தது சரியா என்று அன்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. இன்று சந்தேகமில்லை. ஆறுதலுக்காகச் சொல்கிற பொய்யை ஒருநாள் அவள் கண்டுபிடித்தால், அதற்குப் பிறகு நாம் சொன்ன எதையும், அந்த நாலு வரி விதியையும் சேர்த்து, அவள் நம்பமாட்டாள். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

வெளியே வந்தபோது மையவாடியிலிருந்து திரும்பிய ஜாபர் வாசலுக்கு எதிரே தெருவில் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் உள்ளே வா என்று கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கட்டுப்போட்ட கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார்.

அதன் பிறகு ஊர் பேசியதெல்லாம் எனக்குத் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. மச்சான் சாகிறதை நின்னு பாத்தவன் என்று டீக்கடையில் சொன்னார்கள். உயிர் தப்பிய பையன்களின் வீட்டார் வாயே திறக்கவில்லை. சாவு விழுந்த வீட்டு மனிதரிடம் போய் என் பிள்ளையைக் காப்பாற்றினாய் என்று எப்படிச் சொல்வார்கள்? நஜ்மா தன் அம்மா வீட்டுக்கு வண்ணாரப்பேட்டைக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் போடவில்லை, ஒரு பையை எடுத்துக்கொண்டு போனாள், அவ்வளவுதான். ஜாபர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். மையத்தின் அறிக்கையில் அஸ்லம் அனுமதியில்லாமல் தானாக இறங்கினார் என்று எழுதினார்கள்.

இதற்கு நடுவில் நம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். உற்சாகமான குரல். நம் பயிற்சி பெற்ற ஆசிரியர் இத்தனை மாணவர்களைக் காப்பாற்றியிருக்கிறார், இது பெரிய வெற்றிக் கதை, ஜாபரை வைத்து ஒரு வீடியோ எடுத்துப் பாடத்தில் சேர்த்துவிடலாம், மற்ற நாட்டுக்காரர்களும் பார்ப்பார்கள், பாராட்டுச் சான்றிதழும் தயாராகிறது என்றார். நான் கெட்ட வார்த்தை பேசுகிறவள் இல்லை. அன்று பேசினேன். அந்தத் தம்பி பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டார், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கும் எல்லாம் திரையில்தான் தெரிந்திருந்தது.

ஜாபர் ஒருநாள் என்னைத் தேடி ராயபுரம் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டீ கொடுத்தேன், கையிலேயே வைத்திருந்தார், ஆறிப்போனது. "சரியா செஞ்சேன்னு எல்லாரும் சொல்றாங்க மேடம். ஃபயர் ஆபீசரும் சொன்னாரு. சரியா செஞ்சவனுக்கு ஏன் மேடம் சோறு எறங்க மாட்டேங்குது?" என்றார்.

 பாடத்திட்டத்தைக் கரைத்துக் குடித்தவள் நான். எப்படி நிற்பது என்று அதில் பக்கம் பக்கமாக இருக்கிறது. நின்ற பிறகு அந்த மனிதன் என்ன ஆவான் என்று ஒரு வரி இல்லை. வெளிநாட்டுக்காரனும் எழுதவில்லை, நாமும் எழுதவில்லை.

அஸ்லமின் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து கொஞ்சம் கழித்து நஜ்மாவிடமிருந்து போன் வந்தது. அந்தத் தொட்டிப் பயிற்சியைத் தான் பார்க்க வேண்டும் என்றாள். அவரையும் வரச் சொல்லுங்கள் என்றாள். 

என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். தம்பியைத் தொட்டியில் பறிகொடுத்தவளைத் தொட்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதா, அங்கேயே மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு, இரண்டு பேரும் எல்லார் எதிரேயும் சண்டை போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்றார்கள். எல்லாம் நியாயம். நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அவள் வேடிக்கை பார்க்க வரவில்லை. தன் புருஷன் எதைக் கற்றுக்கொண்டு அப்படி நின்றான் என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறாள். அதைக் காட்டமாட்டேன் என்று சொல்ல நான் யார்? வரச்சொன்னேன்.

அந்த ஞாயிறு புது பேட்ச். நஜ்மா தன் அம்மாவின் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஆட்டோவில் வந்து, புர்காவுக்குள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஜாபர் தனியாக வந்து எதிர்ப்பக்கம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொம்ப இளைத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. புது ஆசிரியர்களுக்கு அவர்கள் யார் என்று நான் சொல்லவில்லை.

வழக்கம்போல நடத்தினேன். உள்ளே படுத்தவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வெளியே நின்றவர் ஒரு கணம் தயங்கினார், பிறகு குதித்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். பக்கவாட்டு ஜன்னல் வழியாக அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கிடப்பது தெரிந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். நஜ்மா ஸ்டூலிலிருந்து எழுந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, உள்ளே கிடந்தவர்களை ரொம்ப நேரம் பார்த்தாள். சிரிப்பு தானாக அடங்கிவிட்டது.

"நான் நிக்கிறேன்" என்றாள்.

 உள்ளே யாரைப் படுக்க வைப்பது? அவள் டப்பாவில் சாப்பிட்டவர்கள் அந்தக் கொட்டகையில் இரண்டே பேர், நானும் ஜாபரும். என் முட்டி அந்த ஏணியில் இறங்காது. நான் வாயைத் திறப்பதற்குள் ஜாபர் கம்பத்தை விட்டுவிட்டு வந்தார், மேலே ஏறினார், தொட்டிக்குள் இறங்கினார். இறங்கி, அஸ்லம் கிடந்த மாதிரியே கவிழ்ந்து படுத்துக்கொண்டார். அவர் யாரையும் கூப்பிடவில்லை.

நஜ்மா செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினாள். தொட்டியின் வாயில் நின்று குனிந்து பார்த்தாள். அங்கிருந்து அவளுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும், முதுகும் சட்டையும்தான் தெரியும். விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.  அவள் உதடு அசைந்தது. நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். நிற்க வேண்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள், அவள் தோளைப் பார்த்தாலே தெரிந்தது, அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவளால் முடியவில்லை. ஏணியில் மளமளவென்று இறங்கினாள். விதிப்படி படுத்துக்கொள்ளவில்லை, அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னல் பக்கம் நின்றிருந்ததால் அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"என்னால நிக்க முடியல. நீங்க எப்டிங்க நின்னீங்க?"

ஜாபர் எழவில்லை. கவிழ்ந்தபடியே அவர் முதுகு குலுங்குவதுதான் தெரிந்தது. தீனா கடித்த அவர் கையை அவள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் புது ஆசிரியர்களை எல்லாம் டீ குடிக்க அனுப்பிவிட்டு, நானும் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நஜ்மா வீட்டுக்குத் திரும்ப மாதக்கணக்காயிற்று. திரும்பிய பிறகும் அவள் அந்த டப்பாவில் சோறு கட்டுவதில்லை, ஜாபர் மையத்துக்குப் போகும் வழியில் எங்காவது சாப்பிட்டுக்கொள்கிறார். அஸ்லமின் பெயரை அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்வதில்லை என்று அவரே என்னிடம் சொன்னார். ஆனால் மறுபடியும் வகுப்பு எடுக்கிறார். நம் ஞாயிறு பயிற்சிக்கும் வந்துவிடுகிறார். தொட்டிக்குள் படுக்கிற வேலையை வேறு யாருக்கும் அவர் விடுவதில்லை. அவரை ஒரு வாரம் பார்த்துப் பழகினாலே ஆசிரியர்களுக்குப் பிடித்துப் போய்விடுகிறது, ஆகவே அந்தப் பயிற்சி இப்போது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

வீடியோவாக எடுத்துப் போடலாமா என்று கேட்ட பெண்ணே, எடுத்துப் போடு. கேஸ் என்ன செய்யும், ப்ளோயரை எப்படி வைப்பது, யாருக்குப் போன் செய்வது, எல்லாம் செல்போன் நம்மைவிட நன்றாகவே சொல்லிக்கொடுக்கும். ஆனால் நிற்பதை மட்டும் கொட்டகையில் வைத்துக்கொள். குதிக்கிறவர்களைத் திட்டாதே, கேலியும் செய்யாதே, அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கடைசியில் ஒருவர் காலை அகட்டி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். தேறிவிட்டார் என்று எழுது. எழுதிவிட்டு, உன் வேலை முடிந்தது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பாதே. அவர் கூடவே டோல்கேட் வரைக்கும் போ. நின்றவரை அன்றைக்குத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதே.